சோத்துவழி அறுந்த குதிரைப்படை

இதில் எழுதப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். கற்பூரம் ஏற்றி அடித்தே சொல்லியிருப்பேன். ஆனால் கற்பூரம், தீப்பெட்டி இரண்டையும் மருமகள் என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பொய் சொன்னால் யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொந்தமாகிவிடும் என்ற பயத்திலேயே பழகிய நாக்கு இது. இனிமேல் கெடுவதற்கு அதற்கு வயதில்லை.

பாளையங்கோட்டையில் தெற்கு பஜார் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் போர்ப்பலகைச் சங்கம் என்று ஒன்று இருந்தது. நடத்தியவர் ஞானதிரவியம், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். ஒரு நாள் காலை மைதானத்தில் நடந்துகொண்டிருந்த என்னை அவர் வழிமறித்தார்.

"ஓய், நீரு சர்வேயர்தான? மலை மேல ஒரு பீரங்கி நிக்கி. கீழ கொளத்தங்கரைக்கு அந்தாண்ட ஆளு ஒளிஞ்சிருக்கான். பீரங்கிக்காரனுக்கு அவன் தெரிவானா, தெரியமாட்டானா?"

"கரை எம்புட்டு உசரம்?"

"வந்து பாரும்."

போய்ப் பார்த்தேன். கல்யாண வீட்டு மேசை அகலத்துக்கு ஒரு வரைபடம். அதன்மேல் தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டங்கள். கட்டத்துக்குள் கட்டைவிரல் நகம் அளவில் அட்டைக் காய்கள்; ஒவ்வொன்றும் ஒரு படை. என்றைக்கோ நடந்து முடிந்த போர்களை எடுத்து, அன்றைக்குத் தோற்றவனை இன்றைக்கு ஜெயிக்கவைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆட்டம். கொஞ்சம் மூளை, கொஞ்சம் பகடை, மிச்சமெல்லாம் வாய்ச்சண்டை. ஓய்வு பெற்ற ஏட்டு மரியந்தோணி பீரங்கிக்காரனுக்கு ஆள் தெரியும் என்கிறார்; எதிராளி தெரியாது என்கிறார். இரண்டு பேரும் காலையிலிருந்து காப்பி குடிக்கவில்லை. நான் நூல் பிடித்து, உயரம் பார்த்து, தெரியாது என்று தீர்ப்பு சொன்னேன். மரியந்தோணி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இப்படி மரியாதை கிடைக்கிற இடத்தை விடுவானேன் என்று அன்றே உறுப்பினராகிவிட்டேன்.

விதிப் புத்தகம் கல்யாண ஆல்பம் கனத்தில் இருக்கும். நீங்கள் அதில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, சோத்துவழி. ஒரு படை நிற்கும் கட்டத்திலிருந்து ஏதாவதொரு ஊருக்கு வழி திறந்திருக்க வேண்டும். எதிரி அந்த வழியை மறித்துவிட்டால் அந்தப் படையை யாரும் அடிக்க வேண்டியதில்லை. அதன் சொந்தக்காரருடைய முறை முடியும்போது பட்டினியில் தானாகச் செத்துவிடும். இரண்டாவது எங்கள் சங்கத்தின் சொந்த வழக்கம். எங்களுக்கெல்லாம் மறதி. காயை நகர்த்திவிட்டு, ஐயையோ அதை மறந்துவிட்டேனே என்று திரும்பக் கை வைப்போம். அதனால் ஆடுகிறவர் தன் வாயால் "போதும்" என்று சொல்லும்வரை அவர் முறைதான். எவ்வளவு நேரமானாலும் சரி. ஒருமுறை மரியந்தோணி முறையின் நடுவில் போய்ப் பேத்திக்குக் காது குத்திவிட்டு வந்தார்.

சங்கத்தில் நன்றாக ஆடுகிறவர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் இருந்தவர். யாரும் அவரை ஜெயித்ததில்லை. அவருடைய ஒரே மகன் நம்பி, திருச்செந்தூர் ரோட்டில் மணல் லாரி மோதிச் செத்துப்போனான். காரியம் முடிந்து சில வாரங்கள் அவரைக் காணவில்லை. பிறகு ஒருநாள் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து உட்கார்ந்து, பகடையைக் கையில் எடுத்து, "யாரு வாரீங்க?" என்றார். துக்கம் கேட்க வாயெடுத்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டோம். மனுசனுக்கு இப்படி ஒரு திடம் இருக்குமா என்று வியந்தோம். வியந்தோம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் பயந்தோம்.

அதற்கப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது.

ஞானதிரவியத்தின் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரில் இந்த மாதிரி ஆட்டங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். ஊருக்கு வந்தவன் வாத்தியாருக்கு ஆசையாக ஒரு புது ஆட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். பாளையக்காரர்களும் வெள்ளைக்காரன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சண்டை போட்ட காலம். வரைபடத்தில் நம் தாமிரபரணி ஓடுகிறது. எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் உடைமரக் காடு போட்டிருந்தான். பெட்டிக்குள் கைக்கடிகாரப் பட்டை போல இரண்டு பட்டைகளும் இருந்தன.

"இது எதுக்கு, ரத்த அழுத்தமா?" என்றேன்.

"துக்கம்" என்றார் ஞானதிரவியம். "உம்ம காய் ஒண்ணு செத்துதுன்னு வையும். அந்தக் காய்க்குள்ள ஒரு துக்கம் ஏத்தியிருக்கான். அது பட்டை வழியா உமக்குள்ள எறங்கும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போயிரும்."

"யாரோட துக்கம் வே?"

"யாராவது குடுத்தது. பெங்களூர்ல மிசின் வச்சிருக்கான். தலையில தொப்பி மாட்டி, செத்தவங்கள நெனச்சுக்கிட்டு உக்காரணும். கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சு எடுத்துருதான். எடுத்தபெறகு குடுத்தவருக்கு அந்தத் துக்கம் கெடையாது. செத்தது ஞாபகம் இருக்கும், அம்புட்டுதான். பேரெல்லாம் யாருக்கும் சொல்லமாட்டான். கண் தானம் மாதிரி."

"அத எதுக்கு ஓய் வெளையாட்டுல கொண்டாந்து வைக்கான்?"

"நாம பகடையப் போட்டு நூறு பேரக் கொல்லுதோம். கொன்னுட்டு வடை திங்குதோம். கொன்னா என்ன ஆகும்னு தெரியட்டும்னு நெனச்சிருப்பான். நல்ல எண்ணந்தான்."

நல்ல எண்ணத்தோடு ஆடத் தொடங்கினோம். முதல் நாளே மரியந்தோணிக்கு ஒரு பீரங்கி போயிற்று. அதற்குள் யாரோ தன் நாய்க்காக அழுத துக்கம் இருந்திருக்க வேண்டும். மனுசன் வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டி வாங்கித் தெருவெல்லாம் போட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒரு வேல்படை போனதும், பார்த்தே இராத ஓர் அத்தைக்காகக் குலுங்கக் குலுங்க அழுதேன். பிறகு ஒருத்தரும் ஒருத்தரையும் அடிக்கத் துணியவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாளையக்காரர், அந்தப் பக்கம் கம்பெனி. வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருக்கிற சிப்பாய் என்ன செய்வான்? பயிர் வைப்பான். விதிப் புத்தகத்தில் அறுவடைக்கு விதி இல்லை, நாங்களே எழுதினோம். அந்தப் பருவத்தில் கம்பெனிப் படைக்கு நல்ல மகசூல்.

ஆவுடையப்பன் மட்டும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. "எனக்குப் பழைய ஆட்டமே போதும்" என்று ஓரத்து மேசையில் அட்டைக் காய்களோடு இருந்துகொண்டார்.

அவருடைய மனைவி உலகம்மாள் ஒரு நாள் மாடியேறி வந்தாள். புருசன் தினமும் இவ்வளவு உற்சாகமாக எங்கே போகிறார் என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். ஆவுடையப்பன் அன்று வரவில்லை. மரியந்தோணி, மறதியில் தானே பட்டினி போட்டுச் சாகவிட்ட ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டையா ஏன் அழுதாக?"

சொன்னேன். அவள் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதக் கட்டினா அழுகை வந்துருமா அண்ணாச்சி?"

"வந்துரும்மா. நாங்க வேண்டாம்னு பயந்துக்கிட்டு இருக்கோம்."

"எனக்கு வரமாட்டேங்கு. வீட்டுல நா கண்ணக் கசக்கினா, அவுக எந்திரிச்சுப் போயி டிவி சத்தத்தக் கூட்டுதாக. கோவமெல்லாம் இல்ல. மழைச் சத்தம் கேட்டா சன்னல மூடுத மாதிரி. ரெண்டு பேரு அழவேண்டியத ஒருத்தி அழ முடியுமா? தொண்டையிலயே நின்னுபோச்சு."

மறுநாளிலிருந்து அவள் என் எதிரே உட்கார்ந்தாள். ஓரத்து மேசையிலிருந்த ஆவுடையப்பன் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆட்டம் கற்றுக்கொண்டது காய்களைக் கொல்லத்தான். தன் காய்களை. இருக்கிற படையையெல்லாம் ஒவ்வொன்றாக என் பீரங்கி வாய்க்குள் அனுப்புவாள். "சர்வேயர் அண்ணாச்சி, அந்தக் குதிரைய அடிங்க" என்பாள். "வேண்டாம்மா, அது நல்ல எடத்துல நிக்கி" என்பேன். "அடிங்க அண்ணாச்சி." அடிப்பேன். அழுவாள். யாருடைய தங்கைக்கோ, யாருடைய தாத்தாவுக்கோ. முடிந்ததும் முகம் கழுவி, டீ குடித்து, லேசாகப் படியிறங்கிப் போவாள். நான் மருந்து கொடுக்கிறேனா விஷம் கொடுக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மருமகளிடம் கேட்டேன். "வெளையாட்டுல போயி என்ன மாமா" என்றாள்.

அப்படி ஒரு நாள் அவளுடைய நாலாம் குதிரைப்படையை அடித்தேன். அவள் அழவில்லை. வலது கை தானாக எழுந்தது. கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தித் தள்ளியது. மறுபடியும். மறுபடியும்.

"என்னம்மா?"

"ஆரன் சத்தம் கேக்கு" என்றாள். "கை போயி கொண்டியத் தள்ளுது. இரும்பு, சில்லுன்னு இருக்கு. தெறந்தா அங்கன யாருமில்ல." கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இது எங்க வீட்டு கேட்டு. நம்பி வண்டில வந்து ஆரன் அடிச்சா நா எந்திரிக்க மாட்டேன். அவுகதான் போயித் தெறப்பாக. தெனமும் அவுகதான்."

எனக்குப் புரிவதற்கு முன்பே ஞானதிரவியத்துக்குப் புரிந்து, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் படியேறி வந்தார்.

"காரியம் முடிஞ்ச கையோட, பழைய ஆபீஸ் விசயம்னு சொல்லிட்டு பெங்களூர் போனீகளே, நெசமாவே ஆபீஸ் விசயமாவா போனீக?" என்றாள் உலகம்மாள்.

அவர் மேசையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த காயைப் பார்த்தார். நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

"இல்ல" என்றார்.

"குடுத்துட்டீகளா?"

"குடுத்துட்டேன்."

"எம்புட்டு?"

"பூராவும்." செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "உலகம்மா, என்னால சட்டைப் பித்தான் போட முடியல. ரோட்டுல ஒவ்வொரு ஆரனுக்கும் எந்திரிச்சுப் போயி கேட்டத் தெறந்தேன். நீயும் படுத்துட்ட. ரெண்டு பேரும் ஒண்ணுபோலப் படுத்துட்டா வீட்ட யாரு பாக்கது?"

"என்ன யாரு பாத்தா?"

"நாந்தான பாத்தேன். கஞ்சி வச்சுக் குடுத்தேன். மாத்திரை குடுத்தேன்."

"குடுத்தீக. ஆசுபத்திரி நர்சு மாதிரி குடுத்தீக." அவள் குரல் உயரவில்லை. "அவனப் பெத்தது நாம ரெண்டு பேரு. ஒங்ககிட்ட இருந்தது ஒங்களுது மட்டுமா? என்னயக் கேட்டீகளா? அவனப் பத்தி ஒரு வார்த்த பேச இந்த ஒலகத்துல எனக்கு வேற யாரு இருக்கா?"

 அவள் ஞானதிரவியத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், இது திரும்பி வருமா?"

ஞானதிரவியம் தயங்கினார். "வரும்மா. பட்டை சார் கையில இருக்கணும், இந்தக் காய் சாரோட காயா இருக்கணும், காய் சாகணும். மத்தவங்களுக்குன்னா கொஞ்ச நேரத்துல போயிரும். குடுத்தவருக்கே திரும்பினா தங்கிரும். பெறகு எடுக்க முடியாது."

"அப்ப ஆடுங்க" என்றாள் புருசனிடம். "நீங்க பாளையக்காரரு. நா கம்பெனி."

"மாட்டேன் உலகம்மா."

"ஆடலன்னா நா இப்படியே எங்க அண்ணன் வீட்டுக்கு அம்பாசமுத்திரம் போறேன். திரும்பி வரமாட்டேன். அழாத ஆளோட ஒரு வீட்டுல இருந்து பாத்துட்டேன். முடியல."

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அவரை யாரும் ஜெயித்ததில்லை. அவளோ ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஆடி ஜெயித்துவிட்டால் காயும் பிழைக்கும், மனைவியும் வீட்டுக்கு வருவாள். பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். நடுவர் நான்.

நாலாம் குதிரைப்படையை எடுத்து ஆற்றுக்குத் தெற்கே காட்டுக்குள் வைத்தார். மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னால் சுவர் மாதிரி நிறுத்தினார். உலகம்மாள் வந்து மோதினாள். மோதுவதில் அவளுக்குத் தயக்கம் கிடையாது. ஆவுடையப்பனின் வேல்படை ஒன்று விழுந்தது. யாருடைய அம்மாவுக்காகவோ அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்து, பகடையை எடுத்தார். துப்பாக்கிப் படை விழுந்தது. யாருடைய கைக்குழந்தைக்காகவோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நிறுத்திரலாமா?" என்றேன். தலையாட்டி மறுத்து, அடுத்த படையைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்தார். ஒவ்வொன்றாக விழுந்தது. தம்பி, பேத்தி, சிநேகிதன், கட்டின மனைவி. துண்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

மரியந்தோணி என் காதருகே குனிந்தார். "ஊருல உள்ள சாவுக்கெல்லாம் அழுதுட்டாரு வே. சொந்தச் சாவ மட்டும் வேலி போட்டு வச்சிருக்காரு." அதற்குமேல் பார்க்க முடியாமல் கீழே போய்விட்டார்.

உலகம்மாளுக்கு அடிக்கத் தெரியாது. ஆனால் ஒரு காய் எப்படியெல்லாம் சாகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மாடியில் கிடையாது. அத்தனை காய்களைக் கொன்று பழகியவள். சுவரோடு மோதிக்கொண்டிருந்தபோதே சின்னச் சின்னப் படைகளை ஓரம் ஓரமாக, ஆள் நடமாட்டமில்லாத கட்டங்கள் வழியாகத் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். அவை அடிக்கிற படைகள் அல்ல, சாமான் சுமக்கிற படைகள் என்று விட்டுவிட்டார். நன்றாக ஆடுகிறவன் செய்கிற தப்பு அது. சண்டைக்கு அரண் போட்டார், சோற்றுக்குப் போடவில்லை. அவள் "போதும்" என்று சொல்லிக் கையை எடுத்தபோது காட்டிலிருந்து கிளம்பும் எல்லாத் தடங்களிலும் ஒரு கம்பெனிக் காய் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஆவுடையப்பன் முறை. பலகையில் அவருக்கு மிச்சம் அந்த ஒரு குதிரைப்படைதான். நகர்த்த இடமில்லை. அடிக்க வலுவில்லை. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தன் வாயால் "போதும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் காய் சாகும்.

அவர் சொல்லவில்லை.

வெயில் சன்னலிலிருந்து இறங்கி மேசைமேல் வந்தது. ஞானதிரவியம் டீ சொல்லி, அது வந்து, ஆடை படிந்து ஆறிப்போனது.

"நீ ஜெயிச்சுட்ட உலகம்மா" என்றார் கடைசியில். "ஒத்துக்கிடுதேன். எடுத்து உள்ள வச்சிரலாம்."

"நா ஜெயிக்க வரல."

"சொல்லிட்டேன்னா பழையபடி ஆயிருவேன். ஒனக்குத் தெரியாது. நீ பாக்கல. நீ படுத்துக் கெடந்த."

"ஆகுங்க."

"கேட்டத் தெறந்து தெறந்து பாத்துக்கிட்டு நிப்பேன்."

"நில்லுங்க. நானும் வந்து நிக்கேன்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தக் கண்களில் இருந்தது பயம். எங்கள் எல்லோரையும் தோற்கடித்த மனுசன், பள்ளிக்கூட வாசலில் அழுகிற பிள்ளை மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"போதும்" என்றார்.

நடுவர் என்பதால் காயை எடுத்தவன் நான். அது அட்டை, கனமே இல்லை. எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். பிறகு, எதையோ மறந்துவிட்டுக் கேட்பவர் மாதிரி, "அன்னைக்குக் காலைல அவன் என்ன சாப்ட்டுட்டுப் போனான்?" என்றார்.

உலகம்மாள் அவர் கையிலிருந்த துண்டை வாங்கி வைத்தாள்.

"தோசை" என்றாள். "ரெண்டு சாப்ட்டான். இன்னொண்ணு கேட்டான். மாவு தீந்துபோச்சுன்னுட்டேன். இருந்துச்சு. ராத்திரிக்கு வேணும்னு எடுத்து வச்சிருந்தேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மேசையைச் சுற்றிப்போய் அவள் பக்கத்தில் உட்காரப் பார்த்து, முடியாமல், வரைபடத்தின் மேலேயே, தாமிரபரணிக்குக் குறுக்கே தலையைச் சாய்த்தார். அவள் அவர் பிடரியில் கை வைத்தாள். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. நானும் ஞானதிரவியமும் வெளியே மாடிப்படியில் நின்று, விரைவாகத் தட்டச்சுப் பழக யோசனைகள் என்று சுவரில் எழுதியிருந்ததை ஆதியோடந்தமாகப் படித்தோம். திரும்பத் திரும்பப் படித்தோம்.

அவர்கள் சேர்ந்து படியிறங்கினார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அவள் அவரைப் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு ஆவுடையப்பன் ஆட வரவில்லை. எப்போதாவது காய்கறி வாங்கப் போகும்போது இருவரையும் பார்ப்பேன். சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருப்பார். பின்னால் வண்டிக்காரன் யாராவது ஆரன் அடித்தால் நின்றுவிடுவார்; அவளும் நின்று, வண்டி போனபிறகு நடப்பாள். அவர் நன்றாக இருக்கிறார் என்று நான் எழுதமாட்டேன். பொய் எழுத மாட்டேன் என்று சொல்லித்தானே ஆரம்பித்தேன்.

போன மாதம் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் அந்தப் பெட்டியைக் கேட்டு வந்தார். எங்கள் ஞானதிரவியத்தின் மாணவன் எடுத்துக்கொண்டு வந்தது கடைகளில் பார்வைக்கு வைக்க வேண்டிய மாதிரிப் பெட்டியாம், அதில் ஒரு காயில்கூட இதுவரை எதுவும் ஏற்றப்படவே இல்லை.